பேஸ்புக் பக்கங்களும் இலவச வீச்சின் வீழ்ச்சியும்

பேஸ்புக்கில் ஒரு கடையின் பக்கத்தைப் பத்தாயிரம் பேர் விரும்பியிருந்தாலும், அக்கடை இடும் பதிவு அத்தனை பேரின் கண்ணிலும் படுவதில்லை. எந்தப் பதிவு யாருக்கு, எந்த வரிசையில் தோன்ற வேண்டும் என்பதை ஒரு கணிப்பு முறை முடிவு செய்கிறது. பணம் செலுத்தாமல் ஒரு பதிவு எத்தனை பேரைச் சென்றடைகிறதோ, அதுவே அதன் இலவச வீச்சு. சமூக ஊடக விளம்பரத்தின் வரலாறு பெரும்பாலும் இந்த வீச்சு சுருங்கிய வரலாறே.

2004இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்டபோது பேஸ்புக்கில் செய்தியோடை கிடையாது. நண்பர் என்ன எழுதினார் என்று அறிய அவர் பக்கத்துக்கே செல்ல வேண்டும். 2006 செப்டம்பரில் செய்தியோடை அறிமுகமானபோது பயனர்கள் பெருமளவில் எதிர்த்தனர். எதிர்ப்பு அடங்கியது, ஓடை நிலைத்தது. 2007 நவம்பரில் நிறுவனங்களுக்கான பக்கங்களும், 2009இல் விருப்பக்குறியும் வந்தன.

இதையடுத்து நிறுவனங்கள் விருப்பக்குறி திரட்டுவதில் போட்டியிட்டன. அதற்காகவே பேஸ்புக்கில் காசு கொடுத்து விளம்பரமும் செய்தன. ஒருமுறை செலவழித்து ஆட்களைச் சேர்த்துவிட்டால், பிறகு வேண்டும்போதெல்லாம் அவர்களிடம் இலவசமாகப் பேசலாம் என்பது அவர்கள் போட்ட கணக்கு. சேர்த்த கூட்டம் பேஸ்புக்கின் வீட்டு முற்றத்தில் நிற்கிறது, கதவின் சாவி தங்களிடம் இல்லை என்பதைப் பலர் எண்ணிப் பார்க்கவில்லை.

அந்தச் சாவி எப்படி இயங்குகிறது என்பதை 2010இல் பேஸ்புக்கே ஓரளவு விளக்கியது. எட்ஜ்ரேங்க் எனப்பட்ட அம்முறை மூன்றைக் கவனித்தது: பயனருக்கும் பதிவிட்டவருக்கும் உள்ள நெருக்கம், பதிவின் வகைக்கும் அதற்குக் கிடைத்த எதிர்வினைக்கும் உரிய எடை, பதிவின் வயது. நண்பரின் திருமணப் படமும் செருப்புக்கடையின் தள்ளுபடி அறிவிப்பும் ஒரே ஓடையில் போட்டியிட்டால் எது முந்தும் என்று சொல்லத் தேவையில்லை.

2012இல் பேஸ்புக் பங்குச்சந்தையில் நுழைந்தது. பக்கங்களின் பதிவுகள் சராசரியாகத் தம் விருப்பாளர்களில் 16 விழுக்காட்டினரையே அடைவதாக அந்நிறுவனம் அவ்வாண்டு கூறியது. பணம் செலுத்திப் பதிவை மேலும் பலருக்குக் காட்டும் வசதியும் அதே ஆண்டில் வந்தது. 2014 பிப்ரவரியில் வீச்சு ஏறத்தாழ 6 விழுக்காடாகவும், ஐந்து லட்சத்துக்கு மேல் விருப்பக்குறி பெற்ற பக்கங்களுக்கு 2 விழுக்காடாகவும் இருந்ததை ஓகில்வி விளம்பர நிறுவனத்தின் ஆய்வு காட்டியது. கூட்டம் பெருகப் பெருக வீச்சு குறைந்தது.

வருவாய்க்காகவே வீச்சு குறைக்கப்பட்டது என்று வணிகர்கள் குற்றஞ்சாட்டினர். பேஸ்புக் அதை மறுத்தது. ஒருவர் ஓடையைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் சராசரியாக 1,500 பதிவுகள் காத்திருக்கின்றன, அவற்றில் ஏறத்தாழ 300 மட்டுமே காட்டப்படுகின்றன என்று அது 2014 ஜூனில் விளக்கியது. இந்த நெரிசல் உண்மைதான். ஆனால் நெரிசலில் முன்னே செல்லும் வழியை விலைக்கு விற்றதும் பேஸ்புக்தான். அமெரிக்காவின் ஈட்24 என்ற உணவு விநியோக நிறுவனம் 2014 மார்ச்சில், காதலரைப் பிரிபவர் எழுதுவதுபோல் பேஸ்புக்குக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதிவிட்டுத் தன் பக்கத்தையே மூடியது. பெரும்பாலான கடைகள் அவ்வாறு செய்யவில்லை. விளம்பரக் கட்டணம் செலுத்தத் தொடங்கின.

பணம் தராமல் ஓடையில் இடம்பிடிக்கப் பலர் குறுக்கு வழிகளையும் நாடினர். "பிடித்திருந்தால் லைக் செய்க, நண்பரை டேக் செய்க" என்று கேட்கும் பதிவுகள் பெருகின. 2017 டிசம்பரில் பேஸ்புக் அவற்றையும் பின்தள்ளியது. 2018 ஜனவரி 11 அன்று, நிறுவனங்களின் பதிவுகளைவிட நண்பர், குடும்பத்தாரின் பதிவுகளுக்கே இனி முன்னுரிமை என்று மார்க் சக்கர்பெர்க் அறிவித்தார். இதனால் மக்கள் பேஸ்புக்கில் செலவிடும் நேரம் குறையும் என்றும் அவர் ஒப்புக்கொண்டார். பக்கம் நடத்தும் வணிகருக்கு எஞ்சியது, வாடிக்கையாளர் தாமாகப் பதில் எழுதத் தூண்டும் பதிவு அல்லது விளம்பரக் கட்டணம்.