அருணாசலம், சேலம்

பழைய வேட்டைக் கருவிகளைச் சேகரிக்கும் ஆங்கிலேயரிடையே இன்றும் மதிப்புக் குறையாத ஒரு பெயர் உண்டு. அருணாசலம், சேலம் என்பது அந்தப் பெயர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சேலத்தில் பட்டறை வைத்திருந்த அந்தக் கொல்லர், குதிரைமீதிருந்து காட்டுப்பன்றியைக் குத்தும் ஈட்டிமுனைகளையும் வேட்டைக் கத்திகளையும் அடித்தார். தம் பெயரையும் ஊரையும் ஆங்கில எழுத்தில் இரும்பிலேயே பொறித்தார். செய்த பொருளில் பெயர் விட்டுச் செல்வது நம் கொல்லர்களிடம் அரிது. கத்தியைச் சந்தையில் கூறுகட்டி விற்றவருக்கு அந்தப் பெயர் தேவைப்பட்டிருக்காது. எங்கோ ஒரு முகாமில் இருந்தவர் இன்னாரிடம்தான் செய்விக்க வேண்டும் என்று கேட்டு வந்ததால்தான் தேவைப்பட்டது. நம் கத்தித் தொழிலின் வரலாற்றைப் பெரும்பாலும் எஃகின் வரலாறாகவே சொல்லிவருகிறோம். அது பாதி உண்மைதான். அந்தத் தொழில் செழித்ததும் தேய்ந்ததும், இப்படித்தான் வேண்டும் என்று சொல்லிச் செய்விக்கும் ஆள் இருந்ததையும் இல்லாமற்போனதையும் பொறுத்தே நடந்தது என்பது என் கருத்து.

எஃகின் பெருமையைக் குறைப்பது என் நோக்கமல்ல. நொய்யல் கரையின் கொடுமணலில் உலைகளின் தடயம் அகழாய்வில் கிடைத்தது. பிற்காலத்தில் சேலம் வட்டாரத்தில் எஃகு உருக்கிய முறையை ஆங்கிலேயரான ஜோசையா மார்ஷல் ஹீத் நேரில் கண்டு எழுதியிருக்கிறார். தேனிரும்புத் துண்டுகளோடு ஆவாரங்குச்சியையும் எருக்கின் பச்சிலையையும் மண் மூசையில் வைத்து, வாயைக் களிமண்ணால் அடைத்து, துருத்தி ஊதிச் சுமார் இரண்டரை மணி நேரம் காய்ச்சினால் எஃகுக் கட்டி கிடைக்கும். இந்தியாவின் இப்படிப்பட்ட எஃகைச் சோதித்து ஜார்ஜ் பியர்சன் 1795இல் லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தார். லண்டனில் சவரக்கத்தியும் அறுவைக் கருவியும் செய்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட், ஐரோப்பிய எஃகைவிட இதுவே மேல் என்று தம் கடையின் விளம்பர அட்டையிலேயே அச்சிட்டார். மைக்கேல் ஃபாரடேயுடன் சேர்ந்து ஆராயவும் செய்தார். ஆனால் அதே எஃகை வாங்கிப் பார்த்த பல ஐரோப்பியக் கொல்லர்களுக்கு அது படியவில்லை. கரி மிகுந்த அந்த எஃகு சூடு சற்றே கூடினால் சம்மட்டியடியில் உதிரும், குறைந்தால் வெடிக்கும். அடிப்பதற்கு முன் உருகுநிலைக்குச் சற்றுக் கீழே பல மணி நேரம் வாட்டி அதன் முரட்டுத்தனத்தைத் தணிக்க வேண்டும். நல்ல எஃகு கைக்கு வந்தாலே நல்ல கத்தி வந்துவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. நடுவே ஒரு கை வேண்டும். அந்தக் கையைப் பல்லாண்டு பழக்க வேலை வேண்டும். வேலையைத் தர ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆள் யார்? தென் தமிழகத்தில் அவர்கள் பாளையக்காரர்களும் அவர்களுடைய வீரர்களும். மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட சில வாரங்களில், 1801 டிசம்பரில், சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கை அந்தச் சீமைகளில் ஆயுதம் வைத்திருப்பதையே குற்றமாக்கியது. தஞ்சையில் கதை வேறு விதமாக முடிந்தது. ஆண் வாரிசு இல்லாமல் 1855இல் அரசு முடிவுக்கு வந்தபின், தலைமுறை தலைமுறையாக வாளும் குத்துவாளும் சேர்ந்திருந்த அரண்மனை ஆயுதக் கிடங்கு 1860களில் கலைக்கப்பட்டது; தேர்ந்தெடுத்தவை சென்னை அருங்காட்சியகத்துக்குப் போக, எஞ்சியவற்றில் பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விலைபோயிற்று. அரசன் போன இடத்தில்தான் வேட்டைக்கார அதிகாரி வந்தார். அருணாசலம் புகழ்பெற்றது இந்த இடைவெளியில். அவர் அடித்த கத்திகளின் வடிவம் பெரிதும் ஆங்கிலேயர் கேட்ட வடிவம். எனவே அது போலிதானே என்று கேட்கலாம். வடிவத்தைச் சொல்பவர் வாங்குபவர் என்பது கத்தித் தொழிலில் புதிதல்ல. தஞ்சை அரசர்களுக்குச் செய்த வாள்களில்கூட ஐரோப்பாவிலிருந்து வந்த அலகுகளுக்கு நம்மவர் கைப்பிடி போட்டிருக்கிறார்கள். பதம் கொல்லருடையது. அதை நம்பித்தான் பாயும் பன்றியை ஒருவர் குதிரைமீதிருந்து ஈட்டியோடு எதிர்கொண்டார்.

என் கருத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கப்பலில் வந்த மலிவான ஷெஃபீல்டு எஃகும், அடுப்புக்கரிக்கு மரம் வெட்டக் காட்டில் வந்த கட்டுப்பாடும் அல்லவா இந்தத் தொழிலைக் கொன்றன? எஃகு உருக்கியவர்களைப் பொறுத்தவரை அது சரி. அவர்களுடைய உலைகள் அதனால்தான் அணைந்தன. ஆனால் உருக்குபவர் வேறு, கத்தி அடிப்பவர் வேறு. சேலத்துத் தாதுவையே நம்பி ஹீத் 1830இல் பரங்கிப்பேட்டையில் தொடங்கிய பெரிய இரும்பாலை, அரசின் கடனுதவி இருந்தும் நிமிரவில்லை. அதே பத்தாண்டுகளில் அதே சீமையின் ஒரு பட்டறை கடல் கடந்து பெயரெடுத்தது. எஃகு எங்கிருந்து வந்தாலும் கத்திக் கொல்லர் பிழைப்பார் என்பதற்கு இன்றைய சான்று மதுரைக்கு அருகே, சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது. திருப்பாச்சேத்தி அரிவாள் இன்று பெரும்பாலும் லாரியின் பழைய வில்பட்டையிலிருந்து பிறக்கிறது. மூசை எஃகின் நினைவுகூட அங்கே இல்லை. 1801இன் தடை விழுந்த அதே மண்ணில் அந்தத் தொழில் நிற்பதற்குக் காரணம், கேட்டுச் செய்விப்பவர்கள் அங்கே ஒருநாளும் அற்றுப்போகாததுதான். கருவேலம் வெட்டுபவருக்கு முதுகு தடித்த அலகு வேண்டும். பாளை சீவுபவருக்கு மயிரிழை சீவும் மெல்லிய கூர் வேண்டும். இடக்கைக்காரருக்குக் கூர் மறுபக்கம் வேண்டும். கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்டவருக்கு ஆளுயரத்தைத் தாண்டிய அரிவாள் வேண்டும். அது எதையும் வெட்டப் போவதில்லை என்றாலும் அடியில் குறை வைப்பதில்லை.

அரிவாள் என்றதும் வெட்டுக்குத்துதானே நினைவுக்கு வருகிறது, இதை வளர்க்க வேண்டுமா என்பது இன்னொரு கேள்வி. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. 2021இல் தமிழகக் காவல்துறை, கத்தி அரிவாள் செய்பவர்களும் விற்பவர்களும் வாங்குபவரின் பெயர், முகவரியைக் குறித்து வைக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. இந்த ஏற்பாடு எனக்கு நியாயமாகவே படுகிறது. யாருக்காக, எந்த வேலைக்காகச் செய்கிறோம் என்று தெரிந்து செய்வதே இந்தத் தொழிலின் பழைய வழக்கம். ஆள் தெரியாமல் விற்பது கடைச்சரக்கின் வழக்கம். குற்றத்தின் பழியைப் பட்டறைமேல் போட்டு உலையை அணைத்தால், வெட்டுபவருக்குக் கடையில் வேறு கத்தி கிடைக்கும். உழவருக்கும் பனையேறிக்கும்தான் இழப்பு.

ஆலையில் செய்த கத்தி இன்று எல்லா ஊரிலும் கிடைக்கிறது; விலையும் குறைவு. அடுக்களை வேலைக்குப் பலருக்கு அதுவே போதும். ஆனால் தோட்டமோ தென்னையோ வைத்திருப்பவர்கள், இறைச்சிக்கடை நடத்துபவர்கள், நாள் முழுதும் கத்தி பிடிக்கும் சமையற்காரர்கள் அடுத்த கத்திக்கு ஒரு பட்டறையைத் தேடிப் போங்கள். எதை வெட்டப் போகிறீர்கள், எந்தக் கையால், எவ்வளவு நேரம் என்று சொல்லுங்கள். பழைய கத்தியில் எது சரியில்லை என்பதையும் சொல்லுங்கள். கேட்ட விலையைக் கொடுங்கள். அலகில் கொல்லர் தம் பெயரைப் பொறித்துத் தரும்படியும் கேளுங்கள்.