'ஐ அக்ரீ'யை மீறினா ஜெயிலா?

வெப்சைட்ல 'ஐ அக்ரீ' அழுத்துறதுக்கு முன்னாடி அந்த விதிமுறைகளைப் படிச்சவங்க இங்க எத்தனை பேர்? நானும் படிச்சதில்லை. அதுல பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். நீங்க உட்கார்ந்து படிக்கலாம், ஆனா ப்ரோகிராம் எழுதி மொத்தமா எடுக்கக் கூடாது.

மீறினா என்ன ஆகும்? அக்கவுண்ட்டை முடக்குவாங்க, மிஞ்சிப்போனா நஷ்டஈடு கேட்டு சிவில் கேஸ். ஆரன் ஸ்வார்ட்ஸ் விஷயத்துல அது கிரிமினல் கேஸ் வரைக்கும் போச்சு.

முதல்ல சட்டம். 1983-ல 'வார் கேம்ஸ்'னு ஒரு ஹாலிவுட் படம். ஒரு ஸ்கூல் பையன் வீட்டு கம்ப்யூட்டர்ல இருந்து ராணுவ கம்ப்யூட்டருக்குள்ள புகுந்துடுவான். அந்த பயம் அமெரிக்க நாடாளுமன்ற அறிக்கையிலயே பதிவாச்சு. 1986-ல கம்ப்யூட்டர் மோசடிச் சட்டம் வந்தது. 'அனுமதியை மீறி' கம்ப்யூட்டரைப் பயன்படுத்தினா குற்றம். வெப்சைட்னு ஒண்ணே அப்போ கிடையாது. ஆரன் பிறந்ததும் அதே 1986-லதான்.

2010 செப்டம்பர். ஜேஸ்டோர்ங்கிற ஆய்விதழ்க் களஞ்சியத்தை எம்.ஐ.டி. வளாக நெட்வொர்க்ல விருந்தாளியாவே திறக்கலாம். ஆரன் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதி லேப்டாப்பை ஓடவிட்டார். ஜேஸ்டோர் தடுத்தது, அவர் முகவரியை மாத்தினார். ஒரு கட்டத்துல எம்.ஐ.டி. முழுசுக்குமே சில நாள் ஜேஸ்டோர் கட். பிறகு கேபிள் அறையில லேப்டாப்பை ஒளிச்சு வெச்சார். இதெல்லாம் சரின்னு நான் சொல்ல வரலை. மொத்தம் சுமார் 48 லட்சம் கட்டுரைகள்.

2011 ஜனவரியில கைது. ஜூன்ல ஜேஸ்டோரே சமரசமாகி, ஃபைல்களை வாங்கிட்டு ஒதுங்கிடுச்சு. அரசு வழக்கறிஞர்கள் விடலை. தானியங்கி ப்ரோகிராம் கூடாதுங்கிற ஜேஸ்டோர் விதியும் குற்றப்பத்திரிகையில இடம்பிடிச்சது. 2012-ல குற்றச்சாட்டுகள் 13 ஆச்சு. பேரமும் நடந்தது: பதிமூணையும் ஒத்துக்கிட்டா சில மாசம்தான் சிறை. அவர் மறுத்துட்டார்.

2013 ஜனவரி 11, விசாரணை தொடங்குறதுக்கு முன்னாடியே தன் உயிரை மாய்ச்சுக்கிட்டார். வயசு 26. தன் மனச்சோர்வைப் பத்தி பல வருஷம் முன்னாடியே வெளிப்படையா எழுதினவர். ஒரு தற்கொலைக்கு ஒரே காரணம் சொல்றதை டாக்டரா நான் ஏத்துக்க மாட்டேன். ஆனா தலைக்கு மேல ரெண்டு வருஷம் தொங்கின வழக்கை ஒதுக்கிட்டும் பேச முடியாது.

சட்டத்தைத் திருத்த 'ஆரன் சட்டம்'னு மசோதா வந்தது, நிறைவேறலை. 2021-ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் வான் பியூரன் வழக்குல 6-3ன்னு அந்தப் பழைய சட்டத்தைச் சுருக்குச்சு. இல்லாட்டி ஆபீஸ் கம்ப்யூட்டர்ல சொந்த மெயில் பார்க்கிறவங்ககூட குற்றவாளின்னு ஆகிடும்னு நீதிபதிகளே கவலைப்பட்டாங்க. 2022-ல நீதித்துறையும் வெப்சைட் விதியை மீறினதுக்கு மட்டும் வழக்குப் போட மாட்டோம்னு கொள்கை வெளியிட்டது.

ஒப்பந்த மீறல்ங்கிற சிவில் கத்தி அப்படியேதான் இருக்கு. லிங்க்ட்இன் தளத்துல தகவல் திரட்டின ஹைக்யூ நிறுவனம் கிரிமினல் சட்டப் பக்கம் ஜெயிச்சும், கடைசியில 2022-ல ஒப்பந்தத்துலதான் மாட்டுச்சு. 5 லட்சம் டாலர் தீர்ப்பு.

எங்க துறைக்கு இது தூரத்து விஷயம் இல்லை. ஒரு மருந்தோட பக்கவிளைவை ஆயிரக்கணக்கான கட்டுரைகள்ல ஒரு ஆள் உட்கார்ந்து தேட முடியாது, ப்ரோகிராம்தான் தேடணும். பிரிட்டன் இதுக்கு வேற வழி பிடிச்சது. சந்தா கட்டி முறையா படிக்கிற உரிமை இருந்தா, லாப நோக்கமில்லாத ஆய்வுக்காக கம்ப்யூட்டர் வெச்சு அலசலாம். அதைத் தடுக்கிற ஒப்பந்த வரி செல்லாது. அந்தச் சட்டம் வந்தது 2014 ஜூன். ஆரன் இறந்து 17 மாசம் ஆகியிருந்தது.