மொரப்பூரில் இறங்கிய கசப்பு

தென்னமெரிக்காவின் எக்வடாரில், சிம்பொராசோ மலையின் மேற்குச் சரிவுக் காடுகளில் சிவப்புப் பட்டைச் சிங்கோனா மரங்கள் வளர்ந்தன. 1860இல் ரிச்சர்டு ஸ்புரூஸ் என்ற தாவரவியலாளர், நடக்கவே முடியாத உடல்நிலையில் அங்கே தங்கி விதை சேகரித்தார். அவருக்குத் துணை ராபர்ட் கிராஸ் என்ற தோட்டக்காரர். விதைகளும் நாற்றுகளும் கடல் கடந்து 1861இல் ஊட்டி வந்து சேர்ந்தன. அங்கே அரசுத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மக்ஐவர் அவற்றைத் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்த்தார். பட்டையை உரித்த இடத்தில் பாசியைக் கட்டினால் புதுப்பட்டை வளரும் என்று கண்டதும் அவர்தான். நடுவட்டத்துத் தோட்டத்தில் உழைத்தவர்களில் மலாய் நாட்டுச் சிறைகளிலிருந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளும் உண்டு. விடுதலையான பிறகு சிலர் அங்கேயே தமிழ்ப் பெண்களை மணந்து தங்கிவிட்டார்கள்.

இந்தப் பட்டையிலிருந்து வரும் வெள்ளைத் தூளைத்தான் நம் ஊரில் கொயினா என்றார்கள். அந்தத் தூள் போய்ச் சேர்ந்த ஊர்களில் ஒன்று தர்மபுரி; அப்போது அது சேலம் மாவட்டத்தின் ஒரு தாலுகா. அங்கே வேலை பார்த்த ஆஸ்பத்திரி டாக்டரின் அலமாரியில் புட்டிகள் பல இருந்திருக்கும். ஆனால் நோயின் வேரையே பிடிக்கும் மருந்து என்று அதில் எதைச் சொல்வது? வலிக்கு அபினி உண்டு. அது வலியை மறக்கடிக்கும். பேதிக்கு விளக்கெண்ணெய் உண்டு. காலராவுக்கு ஒன்றுமில்லை. முறைக்காய்ச்சலுக்கு, அதாவது மலேரியாவுக்கு, மட்டும் கொயினா இருந்தது. பென்னாகரம் பக்கத்துக் காவிரிக் காடுகளிலும் சித்தேரி மலையடிவாரத்திலும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் நடுங்கிக் கிடந்தவர்களை எழுப்பி உட்கார வைக்க அந்தத் தூளால்தான் முடிந்தது.

ஆனால் அது ஏழைக்கு எட்ட எவ்வளவு காலம் ஆனது என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை. 1866இல் சென்னை அரசு ஒரு குழு அமைத்தது. சிங்கோனாப் பட்டையில் உள்ள நான்கு ஆல்கலாய்டுகளையும் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்த மருத்துவர்கள், கொயினாவுக்கு மற்ற மூன்றும் பெரிதாகக் குறைந்தவை இல்லை என்றார்கள். சிவப்புப் பட்டையில் கொயினா குறைவு, மற்றவை அதிகம். அப்படியானால் நீலகிரிப் பட்டையிலிருந்தே மலிவான காய்ச்சல் மருந்து எடுக்கலாம். ஊட்டியில் பிராட்டன் என்ற வேதியியலாளர் எடுத்தும் காட்டினார். செலவு கட்டுப்படியாகவில்லை என்று 1870களின் நடுவில் அந்த வேலை நின்றது. பட்டை லண்டன் ஏலத்துக்குக் கப்பலேறியது.

அடுத்து வந்தது தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை. மழை பொய்த்துப் பட்டினி கிடந்த உடம்புகளை, மழை திரும்பி வந்தபோது காய்ச்சல் கொண்டுபோனது. 1871 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் சுமார் 19.67 லட்சம் பேர். 1881இல் சுமார் 16 லட்சம். பசி, காலரா, காய்ச்சல், ஊரைவிட்டு ஓடியது எல்லாம் சேர்ந்த குறைவு இது. காய்ச்சலுக்கான பட்டை அதே மாகாணத்தின் மலையில் உரிக்கப்பட்டு, இந்த மக்களைத் தாண்டிச் சீமைக்குப் போய்க்கொண்டிருந்தது. இதை வெறும் நிர்வாகத் தவறு என்று என்னால் கடந்துபோக முடியவில்லை.

1880களில் நிலைமை மாறியது. இலங்கையில் காப்பிச் செடிகள் நோயில் அழிந்ததும் தோட்டக்காரர்கள் சிங்கோனா நட்டார்கள். ஜாவாவில் டச்சுக்காரர்கள் அதைவிட வீரியமான மரங்களை வளர்த்தார்கள். விலை சரிந்தது. 1884இல் ஊட்டிக்கு வந்த டேவிட் ஹூப்பர் காலத்தில் நடுவட்டத்தில் அரசுத் தொழிற்சாலை எழுந்தது. 1892இல் வங்காளத்தில் தபால் அலுவலகம் வழியாக ஒரு பைசாவுக்கு ஒரு பொட்டலம் கொயினா விற்கத் தொடங்கினார்கள். சென்னை மாகாணமும் அந்த வழியைப் பின்பற்றியது. முத்திரை வாங்குகிற இடத்தில் மருந்தும் கிடைத்தது. சந்தைக் கலப்படத்திலிருந்து ஏழையைக் காத்த நல்ல ஏற்பாடு அது.

ஆஸ்பத்திரிக்கான கொயினா சென்னையிலிருந்த அரசு மருந்துக் கிடங்கிலிருந்து வரும். ரயிலில் ஜோலார்பேட்டை தாண்டி மொரப்பூரில் இறக்கினால், தர்மபுரிக்கு இன்னும் 30 கி.மீ. அளவுக்கு மாட்டுவண்டிப் பாதை. மொரப்பூர்–தர்மபுரி சிறிய ரயில் 1906இல்தான் வந்தது.

அதற்குப் பிறகுதான் பயணத்தின் கடினமான பகுதி. கொயினா தண்ணீரில் எளிதில் கரையாது; நீர்த்த கந்தக அமிலம் சில சொட்டுச் சேர்த்துக் கரைக்க வேண்டும். நோயாளி கொண்டுவந்த புட்டியில் ஊற்றி, எத்தனை வேளை என்று தெரிய காகிதத்தை நறுக்கிப் பக்கத்தில் ஒட்டித் தருவார்கள். காய்ச்சல் விட்டிருக்கும் நேரத்தில், அடுத்த நடுக்கம் வருவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். அந்த நேரத்தில்தான் நோயாளிக்கு உடம்பு நன்றாக இருக்கும்! நன்றாக இருப்பவனை, கசந்து, காதை அடைத்து இரையவும் வைக்கும் மருந்தைக் குடிக்க வைக்க வேண்டும். இரண்டு வேளை குடித்துத் தேறிய மலைக்காரர் ஏறிப் போய்விடுவார். சில வாரங்களில் மண்ணீரல் வீங்கிய வயிற்றோடு திரும்ப வருவார். டாக்டர் விலாவுக்குக் கீழே கை வைத்துப் பார்த்து, வீக்கம் எத்தனை விரற்கடை இறங்கியிருக்கிறது என்று கண்டு, மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

நோய் எப்படி வருகிறது என்பதே தெரியாமல் இத்தனையும் நடந்தது. கெட்ட காற்று என்றுதான் அந்த டாக்டர் படித்திருந்தார். உண்மைக் காரணத்தைத் தேடி 1897இல் நீலகிரியின் சிகூர் மலைப்பாதைக்குப் போன மருத்துவர் ரொனால்டு ராஸுக்கே மலேரியா வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 20 அன்று செகந்திராபாத்தில் அவர் கொசுவின் வயிற்றில் ஒட்டுண்ணியைக் கண்டார். ராஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது, அது நியாயமே. மக்ஐவர் பெயரும் ஸ்புரூஸ் பெயரும் புத்தகங்களில் நிற்கின்றன. தாலுகா ஆஸ்பத்திரியில் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்த்து, காலையில் நோயாளிகளையும் மதியம் போலீஸ் அனுப்பிய பிணத்தையும் பார்த்த மனிதர்களையும் அந்த வரிசையில் வைக்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். எக்வடாரிலிருந்து வந்த மருந்து கடைசியில் ஒரு மனிதனின் தொண்டைக்குள் இறங்கியது அவர்களால்தான்.

1942இல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த கொயினா நின்றது. போருக்குப் பின் குளோரோகுயின் அதன் இடத்தை எடுத்துக்கொண்டது. தர்மபுரி 1965இல் தனி மாவட்டமானது. ஆனால் மருந்துக்கும் நோயாளிக்கும் இடையிலான கடைசித் தூரம் குறையவில்லை. 1993இல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற மருத்துவத் தம்பதியர் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடையே உள்ள சிட்லிங்கிக்கு வந்தபோது, அந்தப் பள்ளத்தாக்கு மக்கள் ஆஸ்பத்திரிக்கு அரூர் வரை போகவேண்டியிருந்தது. அவர்கள் ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கினார்கள். பிறகு அந்த ஊர்ப் பழங்குடிப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்து, வீடு வீடாக அனுப்பினார்கள்.