தறியும் மரத்த கையும்

கொங்கு நாட்டு ஜவுளித் தொழிலைப் பற்றிய வரலாறுகள் நூல் விலையையும் மின்சாரத்தையும் ஏற்றுமதி வருவாயையும் விரிவாகப் பேசுகின்றன. அத்தொழிலைச் செய்த கைகளுக்கு என்ன நேர்ந்தது என்பதை அவை அரிதாகவே தொடுகின்றன. நொய்யல் கரையில் ஒரு பெரிய குளத்தை ஒட்டி அமைந்த சாமளாபுரம் இந்தக் குறையை எண்ணிப் பார்க்கப் பொருத்தமான ஊர். பல்லடம் வட்டத்தைச் சேர்ந்ததும் 2009 முதல் திருப்பூர் மாவட்டத்துக்குள் அடங்குவதுமான இப்பேரூராட்சிக்கு ஒரு புறம் சோமனூர் வட்டாரத்து விசைத்தறிகளும் மறுபுறம் திருப்பூரின் பனியன் கம்பெனிகளும் இருப்பதால், பாட்டனார் கைத்தறியிலும் மகன் விசைத்தறியிலும் பேத்தி பின்னலாடையிலும் உழைத்த குடும்பங்கள் இங்கே அரிதல்ல. மூன்று வேலைகளும் கையை மூன்று விதமாகப் பயன்படுத்தின என்பதும், கையில் தோன்றும் மதமதப்புக்கும் வலிக்கும் ஒவ்வொரு காலமும் வெவ்வேறு காரணம் சொன்னது என்பதும் சேர்த்துப் படிக்க வேண்டிய செய்திகள்.

மருத்துவர்கள் இன்று இவ்வகைத் தொல்லைகளுள் மிகப் பரவலானதை மணிக்கட்டுக் குகை நோய் என்று குறிக்கின்றனர். மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் ஒரு வளைவாக அமைய, அந்த வளைவின் வாயை உறுதியான தசைநார்ப் பட்டை ஒன்று மூடுவதால் ஒரு குறுகிய குகை உண்டாகிறது. அதற்குள் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் நடு நரம்பு எனப்படும் ஒரு நரம்பும் நெருக்கியடித்துச் செல்கின்றன. தசைநாண்களின் உறை வீங்கினாலோ, மணிக்கட்டு நெடுநேரம் மடங்கிய நிலையில் இருந்தாலோ, விட்டுக்கொடுக்க இடமில்லாத நரம்பே முதலில் நசுங்குகிறது. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகியவை மரத்துப்போவதும், சுண்டுவிரல் தப்பிவிடுவதும் இதன் அடையாளம். சுண்டுவிரல் மரத்தால் முழங்கையின் உட்புறமாக ஓடும் வேறொரு நரம்பையும், இரண்டு கைகளோடு பாதங்களும் எரிந்தால் நீரிழிவையும், கழுத்திலிருந்து வலி இறங்கினால் கழுத்தெலும்புத் தேய்வையும் ஐயுற வேண்டும். இந்த வேறுபாடுகள் ஒரு நூற்றாண்டுக்கு முன்பு பெரும்பாலோருக்குத் தெளிவாகத் தெரியாது என்பதை மனத்தில் கொண்டால்தான் பழைய வைத்திய முறைகளை நியாயமாக எடைபோட முடியும்.

கைத்தறிக் காலத்து உழைப்பு எளிதானதாக இருந்ததில்லை. பிரான்சிஸ் புக்கானன் 1800இல் கோயம்புத்தூர்ப் பகுதி வழியாகப் பயணம் செய்து, 1807இல் நூலாக வந்த தம் குறிப்புகளில் இங்கிருந்த நெசவுக் குடிகளைப் பதிவு செய்தார். கைக்கோளரும் தேவாங்கரும் இப்பகுதியின் முதன்மையான நெசவுச் சமூகங்கள். குழித்தறியில் அமர்ந்தவர் ஒரு கையால் ஊடை நூல் கொண்ட நாடாவை எறிந்து மறுகையால் வாங்க வேண்டியிருந்தது. ஜான் கே 1733இல் இங்கிலாந்தில் உருவாக்கிய, கயிற்றை இழுத்தால் நாடா தானே ஓடும் முறை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேய அதிகாரி ஆல்ஃபிரெட் சாட்டர்டன் சேலத்தில் நடத்திய நெசவுச் சாலை வழியாகத் தமிழ் மாவட்டங்களில் ஊக்குவிக்கப்பட்டது. அதன்பின் கை எறிவதை விட்டு வெடுக்கென்று இழுப்பதைப் பழகிக்கொண்டது. ஆயினும் நெய்வது அந்த வீட்டின் பல வேலைகளுள் ஒன்றாகவே இருந்தது. ராட்டையில் ஊடை நூலைத் தாராகச் சுற்றுவது, பாவடி எனும் திறந்த வெளியில் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போடுவது, தீர்ந்த பாவின் நுனிகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைப்பது என்று வேலை மாறிக்கொண்டே இருந்தது; மழை பெய்தால் பாவடியில் பாவு நீட்ட முடியாமல் தறியும் ஓய்ந்தது. வறுமையால் நேர்ந்த அந்த ஓய்வைப் பொற்காலம் என்று கொண்டாடுவதற்கில்லை; எனினும் ஒரே அசைவை ஒரே தசைநாண் நாள் முழுதும் செய்யும் நிலை அப்போது குறைவாக இருந்தது என்பதை ஒதுக்கிவிடவும் முடியாது.

வலி வந்தபோது வீடே வைத்தியசாலையாயிற்று. சித்த மருத்துவம் உடலை வாதம், பித்தம், கபம் என்ற மூன்றின் சமநிலையாகக் கண்டு, வலியையும் மரப்பையும் வாதத்தின் மிகுதியாகக் கொண்டது. நொச்சி இலையை வதக்கிக் கட்டும் ஒத்தடம், வாதநாராயணன் இலை, முடக்கற்றான் கீரை, தைலமிட்டுப் பிடித்துவிடும் தொக்கணம் ஆகியவை அதன் வழிமுறைகள். சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளுள் ஒன்றான தொக்கணத்துக்கு ஒன்பது வகைகள் சொல்லப்படுகின்றன. வெம்மையும் தடவலும் வீக்கத்தின் இறுக்கத்தைச் சிறிது தளர்த்தி உறக்கத்தைத் தந்திருக்கும். எலும்புக்கும் பட்டைக்கும் இடையே நசுங்கிய நரம்பை அவற்றால் விடுவிக்க இயலாது. இருந்தும் இவற்றோடு ஒட்டி வந்த ஓர் அறிவுரை, அதாவது தைலம் தடவிய கையை அன்று வேலைக்கு நீட்டாதே என்பது, தைலத்தைவிடப் பயனுள்ளதாக இருந்திருக்கக் கூடும்.

ஐரோப்பிய மருத்துவமும் இந்த நோயைத் தட்டுத்தடுமாறியே கண்டுகொண்டது. இத்தாலியரான பெர்னார்தினோ ராமாத்சினி 1700இல் தொழிலாளர் நோய்களைப் பற்றி எழுதிய நூலில் எழுத்தர்களின் கை சோர்வதையும் நெசவாளர்களின் உடல் வருந்துவதையும் தொழிலோடு தொடர்புபடுத்தினார். பாஸ்டன் நகரத்து மருத்துவர் ஜேம்ஸ் பட்னம் 1880இல், இரவில் கை மரத்து விழித்துக்கொள்ளும் 37 நோயாளிகளை விவரித்தபோது, கையை உதறினால் அவர்களுக்குத் தணிவு கிடைப்பதையும் குறித்தார். நடுநிசியில் எழுந்து கையை உதறிக்கொள்ளும் தையல்காரர் எந்த ஊரிலும் உண்டு. பாரிஸில் பியேர் மரீயும் ஷார்ல் ஃபுவாவும் 1913இல், இறந்துபோன 80 வயது மூதாட்டி ஒருவரின் மணிக்கட்டை அறுத்துப் பார்த்து, நரம்பு பட்டையின்கீழ் நசுங்கியிருந்ததைக் காட்டி, பட்டையை வெட்டிவிட்டிருந்தால் கை தப்பியிருக்கும் என்ற கருத்தையும் முன்வைத்தனர். அமெரிக்க அறுவை மருத்துவர் ஜார்ஜ் ஃபேலன் 1950 முதல் எழுதிய கட்டுரைகளே இந்நோயைப் பொது மருத்துவர்களிடம் கொண்டுசேர்த்தன. மணிக்கட்டை ஒரு நிமிடம் மடக்கிவைத்து மதமதப்பு வருகிறதா என்று பார்க்கும் சோதனை அவர் பெயரிலேயே வழங்குகிறது. அவரோ, தம்மிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் நடுவயது இல்லத்தரசிகளாக இருந்ததைக் கண்டு, இது வேலையால் வரும் நோயாக இருப்பது அரிது என்று கருதினார். துவைப்பதும் பிழிவதும் அரைப்பதும் வேலையல்ல என்ற எண்ணம் ஒரு மருத்துவ முடிவுக்குள் எவ்வளவு எளிதாக நுழைந்துவிட்டது! கொங்குப் பெண்களின் மணிக்கட்டுக்குக் கிடைத்த பெரிய நிவாரணம் மருத்துவத்திலிருந்து வந்ததன்று. 1955இல் கோவையைச் சேர்ந்த பி. சபாபதி உருவாக்கிய மாவரைக்கும் கிரைண்டரே ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்து சுழற்றும் உழைப்பிலிருந்து அவர்களை மெல்ல மெல்ல விடுவித்தது.

தமிழ்நாட்டில் மரத்த கையைப் பற்றி வெளிப்படையாகப் பேசத் தடையாக இருந்தது தொழுநோயைப் பற்றிய அச்சம். அந்நோயின் கிருமி தோலையும் நரம்புகளையும் தாக்குவதால், சுண்டுவிரலும் மோதிர விரலும் உணர்விழந்து மடங்கிக்கொள்வது அதன் அறிகுறிகளுள் ஒன்று. ஆகவே விரல் மரத்தது என்று வெளியே சொல்வது திருமணத்தையும் வேலையையும் இழக்கச் செய்யும் பேச்சாயிற்று. இதே அச்சத்தின் நடுவிலிருந்துதான் உலகக் கை மருத்துவத்துக்குத் தமிழகத்தின் பெருங்கொடை பிறந்தது. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், செங்கற்பட்டில் ராபர்ட் காக்ரேன் நடத்திய தொழுநோய் மருத்துவமனையைச் சுற்றிப் பார்த்தபோது, செயலிழந்த கைகளிலும் சில தசைகள் முழு வலிமையோடு இருப்பதைக் கவனித்தார். பிழைத்த தசையின் நாணை எடுத்து, செயலிழந்த விரலை இயக்கும்படி இடம் மாற்றித் தைக்கும் அறுவை முறையை அவரும் உடனுழைத்தோரும் வேலூரில் வளர்த்தெடுத்தனர்.

அதைவிட ஆழமான கண்டுபிடிப்பு, தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை என்பது. வலி தெரியாத கை சூடான பாத்திரத்தையும் கூரான கைப்பிடியையும் உணராமல் பற்றி, காயத்தின் மேல் காயம் பட்டே விரல்கள் குறைகின்றன என்று பிராண்ட் நிறுவினார். அறுவைக்குப் பின் நோயாளிகள் தங்கித் தச்சு முதலிய தொழில்களைக் கற்ற புதுவாழ்வு மையத்தில், கருவிகளின் பிடிகளைத் தடிப்பாக்குவது, வேலை முடிந்ததும் உள்ளங்கையைக் கண்ணால் சோதிப்பது, சிவந்த இடம் ஆறும்வரை அந்தப் பிடியைத் தவிர்ப்பது என்ற ஒழுங்கு உருவாயிற்று. கருவியைக் கைக்கேற்ப மாற்றும் இந்த அறிவு வேலூர், அதை அடுத்த கரிகிரித் தொழுநோய் மையம் ஆகியவற்றின் வழியாக உலகெங்கும் சென்றது. ஆனால் தொழுநோய்க் குடியிருப்புகளின் சுவர் தாண்டி, சில நூறு கிலோமீட்டர் தென்மேற்கே இருந்த தறிக்கூடங்களுக்கு அது வந்து சேரவில்லை என்பதே இந்த வரலாற்றின் பெரிய இழப்பு. நோயாளியின் கைக்குக் காட்டிய கவனத்தை உழைப்பாளியின் கைக்குக் காட்ட எவருக்கும் தோன்றவில்லை.

பைக்காரா நீர்மின் திட்டத்தின் மின்சாரம் 1930களின் தொடக்கத்தில் கோவைச் சமவெளிக்கு இறங்கியபின் முதலில் நூற்பாலைகளும் பிறகு விசைத்தறிகளும் பெருகின. சோமனூர், சாமளாபுரம், பல்லடம் ஊர்களில் வீட்டை ஒட்டிய கொட்டகைகளில் ஓடிய சாதாத் தறிகள் கையின் வேலையை நீக்கிவிடவில்லை. தார் தீரத் தீர நாடாவை மாற்றுவதும், அறுந்த இழையை முடிச்சிடுவதும், பல தறிகளுக்கு இடையே நடந்தபடி பிடிகளைத் தள்ளி நிறுத்துவதும் கைக்கே எஞ்சின. கூலிக்கு நெய்து தரும் தறி உரிமையாளர்களுக்கும் ஜவுளி உற்பத்தியாளர்களுக்கும் இடையிலான பேரம் மிக நுணுக்கமானது: 2021 நவம்பரில் நடந்த பேச்சில் சோமனூர் ரகத்துக்கு 23 விழுக்காடும் பல்லடம் ரகத்துக்கு 20 விழுக்காடும் என்று கூலி உயர்வு வகுக்கப்பட்டது, அது நடைமுறைக்கு வரவில்லை என்று 2022 ஜனவரியில் தறிகள் நிறுத்தப்பட்டன. ரகம் பிரித்து விழுக்காடு பேசும் அந்த மேசைக்குத் தறி ஓட்டுபவரின் மணிக்கட்டு வந்ததில்லை.

பின்னலாடைத் தொழில் வேலையை இன்னும் சிறு துண்டுகளாக நறுக்கியது. 1925இல் திருப்பூரில் தொடங்கிய பின்னல் தொழில், 1970களின் இறுதியில் ஏற்றுமதிக்குத் திரும்பிய பின்னர், ஓவர்லாக் ஓட்டுபவர், கைமடி, செக்கிங், அயர்னிங், பிசிறு வெட்டுபவர் என்று ஒவ்வொருவருக்கும் ஓர் அசைவை ஒதுக்கியது. பிசிறு வெட்டும் சிறு கத்தரியைப் பிடித்த பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு நாளில் பல ஆயிரம் முறை நெருங்கி விலகுகின்றன. இங்கே வழக்கமாகிவிட்ட ஒன்றரை ஷிப்ட், அதாவது பன்னிரண்டு மணி நேர வேலை, பீஸ் ரேட் கூலியோடு சேரும்போது, கையை உதற நிற்கும் நேரமும் கூலி இழப்பாகிறது. அமெரிக்கத் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, நலவாழ்வு நிறுவனம் 1997இல் ஆய்வுகளைத் தொகுத்து, திரும்பத் திரும்பச் செய்யும் அசைவும் அழுத்திப் பிடிக்கும் விசையும் கோணலான மணிக்கட்டு நிலையும் கூடும்போது இந்நோய்க்கான சான்று வலுவாக உள்ளது என்று முடிவு செய்தது. ஃபேலனின் ஐயம் அத்தோடு பெரிதும் தீர்ந்தது.

இந்தக் காலத்து நோயாளி தைலத்திலிருந்து ஊசிக்கு மாறினார். நரம்புத் தளர்ச்சி என்ற எல்லாவற்றையும் உள்ளடக்கும் பெயரில், சத்து ஊசியும் பி வைட்டமின் மாத்திரையும் தெருமுனை மருத்துவமனைகளின் வழக்கமாயின. பி12 குறைந்தவர்களுக்கு அவை உண்மையாகவே உதவும். நசுங்கிய நரம்புக்கு உதவா. பி6ஐ அளவுமீறி நெடுநாள் உட்கொண்டால் அதுவே கைகால் மரப்பை உண்டாக்கும். மெய்யான சிகிச்சை எளிமையானது: தொடக்க நிலையில் இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டை, வேலையில் இடைவெளியும் அசைவு மாற்றமும், தேவையானால் குகைக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி, பெருவிரலின் அடித்தசை மெலியத் தொடங்கினால் பட்டையை வெட்டிவிடும் சிறு அறுவை. கோவை கங்கா மருத்துவமனையில் 1991 முதல் எஸ். ராஜா சபாபதி வளர்த்த கை அறுவைத் துறை உலகப் புகழ் பெற்றிருப்பதால், தேர்ந்த மருத்துவம் சாமளாபுரத்துக்கு எட்டாத தொலைவில் இல்லை. பத்துப் பேருக்குக் குறைவானோர் உழைக்கும் கொட்டகைகள் பொதுவாகத் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கு வெளியே நின்றுவிடுவதால், அறுவைக்குப் பின் கை ஆறும் வாரங்களின் கூலியை யார் தருவது என்பதே அங்கு உழைப்போருக்குத் தடையாகிறது.

பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய்க்கு இந்தியச் சட்டத்தில் இடம் கிடைத்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை பின்னர் விரிந்து, தொழிற்சாலை அறிவித்தாக வேண்டிய 29 நோய்களைப் பட்டியலிட்டபோது அதுவும் அவற்றுள் ஒன்றாயிற்று. ஈயம், பாதரசம், மாங்கனீசு முதலிய நஞ்சுகளால் நரம்பு கெடுவதையும் அப்பட்டியல் ஏற்றது. அசைவால் நரம்பு கெடுவதை ஏற்கவில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2010இல் திருத்திய தொழில்நோய்ப் பட்டியலில் மணிக்கட்டுக் குகை நோயைப் பெயர் சொல்லிச் சேர்த்த பிறகும், இந்தியாவின் 2020ஆம் ஆண்டுத் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் பழைய பட்டியலையே பெரிதும் பின்பற்றியது. அட்டவணையில் ஒரு நோயைச் சேர்க்கப் புதுச் சட்டம் தேவையில்லை. ஒன்றிய அரசின் அரசிதழ் அறிவிக்கை ஒன்று போதும்.