கவசமும் களிமண்ணும்
ரி-55 தாங்கியின் நவீனமயமாக்கமும் அரியாலைக் கரையும்

போர்க்கருவிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அவற்றின் எடை, விரைவு, சுடுதிறன், கவசத் தடிப்பு ஆகியவற்றை அட்டவணைப்படுத்துவதோடு அமைந்துவிடுகின்றனர். கருவியின் இயல்பை அறிய அத்தகைய அட்டவணைகள் இன்றியமையாதவை. ஆயினும் அவற்றில் இடம்பெறாத பொருளொன்று உண்டு; அது நிலம். எந்த நிலத்துக்கென ஒரு கருவி ஆக்கப்பட்டதோ அந்நிலத்தைவிட்டு வேறொரு நிலத்துக்கு அது கொண்டுவரப்படும்போது, அட்டவணையிற் கண்ட எண்கள் மாறுவதில்லை. அவற்றின் பொருள் மாறிவிடுகின்றது. இலங்கைப் படையினர் பயன்படுத்திய ரி-55 எனும் முதன்மைப் போர்த் தாங்கியையும் அதன் நவீனமயமாக்கப்பட்ட வடிவத்தையும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தோடு, சிறப்பாக அரியாலைப் பகுதியின் நிலத்தோடு, பொருத்தி நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அரியாலை யாழ்ப்பாண நகரின் கிழக்கெல்லையில் அமைந்தது. கண்டி வீதியும் இருப்புப்பாதையும் அதனூடாகச் சென்று நாவற்குழிப் பாலத்தை அடைகின்றன. வடகிழக்கே செம்மணி வெளி, மேற்கே கொழும்புத்துறை, தெற்கே யாழ்ப்பாணக் கடல்நீரேரி. குடியிருப்புப் பகுதியில் வேலிகளுக்கிடையே வளைந்து செல்லும் ஒழுங்கைகள்; அவற்றைக் கடந்தால் வயலும் பனங்கூடலும்; அதற்கும் அப்பால் மாரியில் நீர் தேங்கியும் கோடையில் உப்புப் பூத்தும் கிடக்கும் தரவை. குன்றோ பள்ளத்தாக்கோ இல்லை. நிலப்படத்தை மட்டும் பார்ப்பவர்க்கு இது கவச ஊர்திகள் தடையின்றி ஓடத்தக்க சமதரையாகவே தோன்றும். அத்தோற்றம் எவ்வளவு பொய்யானது என்பதைப் பின்னர்க் காண்போம்.

தாங்கியின் பிறப்பே நிலத்தோடு தொடர்புடையது. முதலாம் உலகப் போரில் முட்கம்பி, பதுங்குகுழி, இயந்திரத் துப்பாக்கி ஆகிய மூன்றும் சேர்ந்து காலாட்படையை நகரவொட்டாமல் நிறுத்தியபோது, அவற்றைக் கடப்பதற்கெனப் பிரித்தானியர் சங்கிலிப் பட்டையில் ஊரும் கவச ஊர்தியை ஆக்கினர். 1915இல் அதன் இரகசியத்தைக் காக்கும்பொருட்டு, அது நீர் கொண்டுசெல்லும் கொள்கலம் எனப் பிறர் எண்ணுமாறு 'டாங்க்' எனப் பெயரிட்டனர். நம் குளங்களையும் ஆங்கிலேயர் இச்சொல்லாலேயே குறித்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. ஈழத்துத் தமிழில் நீர்த்தாங்கியும் யுத்த தாங்கியும் ஒரே சொல்லாய் நிலைத்தமைக்கும் இதுவே காரணம். 1916 செப்ரெம்பர் 15ஆம் நாள் பிரான்சின் சோம் ஆற்றுப் போர்க்களத்தில் அது முதன்முதலாக இறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பெல்ஜியத்தின் ஈப்பர் களத்தில் மழையாலும் எறிகணைகளாலும் குழைந்துபோன சேற்றில் தாங்கிகள் பல புதைந்து செயலற்றன. நிலத்தை வெல்லப் பிறந்த கருவியை நிலமே விழுங்கிய முதலாவது பாடம் அது.

ரி-55 சோவியத் ஒன்றியத்தின் ஆக்கமாகும். இரண்டாம் உலகப் போரின் முடிவில் உருவான ரி-54இன் வளர்ச்சியாக 1958இல் அது உற்பத்திக்கு வந்தது. ரி-54, ரி-55 வரிசையே உலகில் மிகக் கூடுதலாக ஆக்கப்பட்ட தாங்கி வரிசை எனலாம். எடை 36 தொன், படையினர் நால்வர், 100 மில்லிமீற்றர் சுடுகுழல், 43 எறிகணைகள், 580 பரிவலுக் கொண்ட டீசல் இயந்திரம், வீதியில் மணிக்கு 50 கிலோமீற்றர் விரைவு. சுழற்கூண்டின் முகப்புக் கவசம் ஏறத்தாழ 200 மில்லிமீற்றர் தடிப்பானது. உடலின் முன்தகடு ஏறத்தாழ 100 மில்லிமீற்றரேயாயினும், 60 பாகை சாய்த்து வைக்கப்பட்டமையால், நேரே வரும் எறிகணை இருமடங்கு தடிப்பைத் துளைத்தாக வேண்டும். பக்கத்தே 80 மில்லிமீற்றர். அடிவயிற்றிலோ 20 மில்லிமீற்றர் மட்டுமே. பகைவன் முன்னாலிருந்து, தொலைவிலிருந்து, மற்றொரு தாங்கியின் வாயிலாகவே வருவான் என்னும் எண்ணம் இவ்வெண்களிற் பொதிந்துள்ளது. அதன் உயரம் 2.4 மீற்றர் அளவிற்குத் தாழ்த்தப்பட்டதும் ஐரோப்பியச் சமவெளியில் தொலைவிலிருந்து நோக்குவோர்க்குச் சிறிய இலக்காக அமையும்பொருட்டேயாம்.

1970களில் இத்தாங்கி முதுமை எய்தியது. 1973இல் நடைபெற்ற அரபு-இஸ்ரேல் போர், காலாட்படைவீரன் ஒருவன் தோளிலோ கைப்பெட்டியிலோ காவிச் செல்லும் உந்துகணைகளாலும் தாங்கியை அழிக்க முடியும் என்பதை உலகுக்குக் காட்டிற்று. புதிய தாங்கிகளை ஆயிரக்கணக்கில் வாங்குவதைவிட, இருப்பனவற்றைத் திருத்துவது மலிவு. எனவே 1980களின் முற்பகுதியில் சோவியத் ஒன்றியமும் அதன் நேச நாடுகளும் ரி-55ஐ நவீனமயமாக்கின. செக்கோஸ்லோவாக்கியாவில் இவ்வாறு திருத்தப்பட்ட வடிவம் ரி-55ஏஎம்2 எனப்பட்டது. சுழற்கூண்டின் முகப்பில் இருபுறமும் புருவம்போல் வளைந்த மேலதிகக் கவசப் பெட்டிகள் பொருத்தப்பட்டன. அவற்றினுள்ளே எஃகுத் தகடுகளும் செயற்கைப் பிசினும் அடுக்கப்பட்டிருந்தன. பக்கங்களில் இறப்பர் மறைப்புகள் தொங்கவிடப்பட்டன. புகைக்குண்டு வீசிகள் சேர்க்கப்பட்டன. எல்லாவற்றிலும் முக்கியமானது 'கிளாடிவோ' எனும் சூட்டுக் கட்டுப்பாட்டு முறைமை. செக் மொழியில் இச்சொல்லுக்குச் சுத்தியல் என்பது பொருள். லேசர்க் கதிரால் தொலைவை அளந்து, காற்று முதலியவற்றையும் கணக்கிற் கொண்டு, சுடுகுழலை எக்கோணத்தில் உயர்த்த வேண்டும் என்பதைக் கணிப்பொறி கூறும். முன்னர்ச் சுடுநர் பார்வைக்கண்ணாடியின் கோடுகளைக்கொண்டு தொலைவை மதிப்பிட்ட தாங்கி, இப்போது தொலைவை அளந்தறிந்தது.

இவ்வூதியங்களுக்கு விலையும் உண்டு. நவீனமயமாக்கப்பட்ட தாங்கியின் எடை ஏறத்தாழ 41 தொன்னாக உயர்ந்தது. இயந்திரத்தின் வலு 620 பரிவலுவாகவே உயர்ந்தது. முன்னர்த் தொன்னுக்கு 16 பரிவலு; பின்னர் 15. பழைய தாங்கி நிலத்தின் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் 0.81 கிலோகிராம் அழுத்தியது. அதே பட்டையில் 41 தொன் ஏறினால் அது 0.92 ஆகும். மோட்டார்க் காரின் சில்லு அழுத்துவது ஏறத்தாழ 2 கிலோகிராமாதலின் இது சிறிதென்றே தோன்றலாம். ஆனால் காரை எவரும் தரவைக்குள் இறக்குவதில்லை. தாங்கியை இறக்கவே செய்வர். எடை ஏறுதல் ரி-55க்கு மட்டும் நேர்ந்ததன்று. சென்னைக்கு அண்மையிலுள்ள ஆவடியில் ஆக்கப்படும் அர்ஜுன் தாங்கி முதலில் 58.5 தொன் எடையுடையது; மேம்படுத்தப்பட்டு 2021இல் இந்தியப் படையிடம் கையளிக்கப்பட்ட வடிவமோ 68 தொன் எடையுடையது. இயந்திரத்தின் வலு இரண்டிலும் 1400 பரிவலுவே. நவீனமயமாக்கம் என்பது பெரும்பாலும் கனமாக்கமே.

குடாநாட்டு மக்கள் முதன்மைப் போர்த் தாங்கியின் வலுவைத் தம் வாசல்களில் உணர்ந்தது 1987 ஒக்ரோபரிலாகும். அப்போது வந்தது ரி-55 அன்று. இந்திய அமைதிப்படையின் ரி-72. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் உலங்குவானூர்திகளால் இறக்கப்பட்டுச் சுற்றிவளைக்கப்பட்ட கமாண்டோக்களை மீட்க அத்தாங்கிகள் அனுப்பப்பட்டன. வீதிகளின் மதகுகளுக்கடியே வெடிமருந்து புதைக்கப்பட்டிருந்தமையால், அவை வீதியை விட்டு இருப்புப்பாதை வழியே சென்றன. 41 தொன் எடையும் 125 மில்லிமீற்றர் சுடுகுழலும் கொண்ட அக்காலத்தின் சிறந்த தாங்கிகளுள் ஒன்று, தன் மெல்லிய அடிவயிற்றுக்கு அஞ்சிப் புகைவண்டியின் தடத்தைத் தேடியது. முகப்புக் கவசம் எவ்வளவு தடித்ததாயினும், கீழிருந்து வரும் பகைக்கு அது விடையாகாது.

இலங்கைப் படை 1990களின் தொடக்கத்தில் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து ரி-55 தாங்கிகளைப் பெற்றது. ஐரோப்பாவில் பனிப்போர் முடிவடைந்து, 1990இன் மரபுவழிப் படைக்குறைப்பு ஒப்பந்தத்தால் அங்குத் தாங்கிகள் மிகையாகிவிட்ட காலம் அது. ஒரு கண்டத்தின் அமைதி மற்றொரு நிலத்தின் படைக்கலமாயிற்று. தாங்கியற்ற தரப்போ இருந்ததைக்கொண்டு ஆக்க முயன்றது. 1991 யூலையில் ஆனையிறவில் விடுதலைப் புலிகள் மண்வாரி இயந்திரத்தில் இரும்புத் தகடு பொருத்திக் கவச ஊர்தியாக முன்செலுத்தினர்; அது முகாமின் வாயிலில் தடுத்து நிறுத்தப்பட்டது. அதன் சிதைவை ஆனையிறவில் நினைவுச் சின்னமாகக் காணலாம். 1993 நவம்பரில் பூநகரி முகாமைத் தாக்கியபோது ரி-55 தாங்கிகளையே புலிகள் கைப்பற்றினர். இவ்வாறு ஒரே தொழிற்சாலை மரபில் வந்த கருவி இருதரப்புக்கும் உரியதாயிற்று.

1995 ஒக்ரோபரில் தொடங்கிய ரிவிரெச நடவடிக்கையில் ரி-55 தாங்கிகளின் துணையோடு படையினர் வலிகாமத்தினூடாக நகரை நோக்கி முன்னேறினர். ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வெளியேறினர். செம்மணி வழியாகவும் அரியாலையூடாகவும் வந்தோர் அனைவரும் நாவற்குழிப் பாலத்தில் ஒன்றுசேர்ந்து தென்மராட்சிக்குள் நுழைய வேண்டியிருந்தது. இருபுறமும் நீரும் சேறும்; நடுவே ஒடுங்கிய வீதி. தாங்கிக்கு எந்த நிலம் தடையாக இருந்ததோ அந்நிலமே மக்களையும் ஒரே பாலத்தில் நெருக்கியது. முதியோரும் குழந்தைகளும் மழையில் ஓர் இரவு முழுவதும் அவ்வழியே அடியடியாய் நகர்ந்தமை யாழ்ப்பாண வரலாற்றில் அழியாதது. படைத்துறை வரலாறு எழுதுவோர் தாங்கியின் வழியை ஆராயும்போது இவ்வழியையும் உடன்வைத்து ஆராய்தல் வேண்டும்.

2000 ஏப்ரலில் ஆனையிறவு வீழ்ந்தபின், மே மாதத்தில் போர் அரியாலையையே அடைந்தது. தனங்கிளப்பு, நாவற்குழி, கொழும்புத்துறை, அரியாலையின் கிழக்குப் பகுதி ஆகியவை போர்க்களமாயின. மக்கள் மீண்டும் இடம்பெயர்ந்தனர். திருத்தப்பட்ட ரி-55ஏஎம்2 தாங்கிகளை இலங்கை செக் குடியரசிலிருந்து பெற்றதும் அவ்வாண்டளவிலேயே. இக்கருவியை இக்கரையில் வைத்து எண்ணிப் பார்ப்போம். லேசர் அளவி பல கிலோமீற்றர் தொலைவை அளக்கும். ஆனால் அரியாலை ஒழுங்கையில் பார்வை சில நூறு மீற்றருக்குள் வேலியிலோ பனையிலோ மதிலிலோ முட்டிக்கொள்ளும். திறந்த தரவையில் பார்வை நீளும். அங்கோ கால் புதையும். மூச்சுக்குழாய் பொருத்தினால் ரி-55 ஏறத்தாழ 5 மீற்றர் ஆழ நீரையும் கடக்கும் என்பது அட்டவணைக் கூற்று. ஆழங்குறைந்த கடல்நீரேரிக்கு அது போதியதன்றோ எனலாம். ஆயின் அவ்வாறு கடப்பதற்கு அடித்தளம் உறுதியான ஆறு வேண்டும். ஏரியின் அடியோ களியும் சேறும். ஆகவே தாங்கிக்கு எஞ்சுவது வீதியும் பாலமுமே. எஞ்சும் வழி ஒன்றேயெனின் அதில் வெடி புதைப்பது எளிது. 2006 ஒக்ரோபரில் முகமாலையில் முன்னேற முயன்ற படையினர் ரி-55 தாங்கிகளை இழந்தமை இவ்வுண்மையை மீண்டும் மெய்ப்பித்தது.

எனவே நவீனமயமாக்கம் வீண் என்பது நம் முடிபன்று. அது தனக்கு விடுக்கப்பட்ட வினாக்களுக்குச் செவ்வையாக விடை கூறியது. தொலைவிலுள்ள தாங்கியை முதற் சூட்டிலேயே வீழ்த்துவது எவ்வாறு, முகப்பில் வரும் உந்துகணையைத் தாங்குவது எவ்வாறு என்பனவே அவ்வினாக்கள். அவை நடு ஐரோப்பாவில் எழுந்தவை. குடாநாட்டில் எழுந்த வினாக்கள் வேறு. இங்கே சுடுகுழலின் முன்னே பெரும்பாலும் நின்றது மற்றொரு தாங்கியன்று. காவலரணும், அதற்கருகே வீடும், கோயிலும், பள்ளிக்கூடமும். 100 மில்லிமீற்றர் எறிகணை கற்சுவரை எவ்வாறு கருதும் என்பதை எந்த அட்டவணையும் கூறுவதில்லை. அதனை நகரிலும் தென்மராட்சியிலும் நெடுங்காலம் கூரையின்றி நின்ற வீடுகள் கூறின.

இறுதியாக ஒன்று. இப்போரில் குடாநாட்டு நிலம் தந்த கவசம் பனையே. அதன் குற்றி நார்ச்செறிவு மிக்கது. எறிகணை வீழ்ந்தாலும் எளிதிற் பிளந்து சிதறுவதில்லை. ஆதலால் இருதரப்பும் பனைகளைத் தறித்துப் பதுங்குகுழிகளுக்குக் கூரையும் சுவரும் அமைத்தன. செக்கோஸ்லோவாக்கிய எஃகும் யாழ்ப்பாணப் பனையும் இவ்வாறு ஒரே களத்தில் எதிர்நின்றன. 2014 ஒக்ரோபரில் புகைவண்டி மீண்டும் அரியாலையைக் கடந்து யாழ்ப்பாண நிலையத்தை அடைந்தது, பாலங்கள் புதுக்கப்பட்டன, கண்ணிவெடி அகற்றும் பணி முகமாலை போன்ற இடங்களில் நெடுங்காலம் தொடர்ந்தது. பழைய தாங்கி ஒன்றைப் புதுக்க ஒரு தொழிற்சாலைக்குச் சில மாதங்கள் போதும். ஊன்றிய பனங்கொட்டை வடலியாகி, வளர்ந்து, பாளை தள்ள ஏறத்தாழ 15 தொடக்கம் 20 ஆண்டுகள் செல்லும். போரின் செலவைக் கணக்கிட முற்படுவோர், தொன்னும் பரிவலுவும் குறிக்கப்பட்ட அட்டவணையில் இவ்வாண்டுகளையும் ஒரு நிரலாகச் சேர்த்தல் வேண்டும்.