கலவட்டமும் ஓர் அனுசேப நொதியமும்: டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ்

கலம் இரண்டாகப் பிரிவதற்கு முன் தன் டி.என்.ஏ.யை இரட்டித்தாக வேண்டும். அதற்கு வேண்டிய தைமின் கூறுகளைக் கலம் ஆக்கும்போது ஃபோலேட் உருமாறிப் பயனற்றுப்போகும். அதை மீட்டுத் தருவது டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் என்னும் நொதியம். அது முடங்கினால், டி.என்.ஏ. இரட்டிக்கும் எஸ் கட்டத்திலேயே கலவட்டம் தடைப்படும்.

வேடிக்கை என்னவென்றால், முடக்கும் மருந்துதான் முதலில் வந்தது. அது எதை முடக்குகிறது என்பது பத்தாண்டு கழித்தே தெரிந்தது.

1928இல் பம்பாய் வந்த லூசி வில்ஸ், ஆலைத் தொழிலாளப் பெண்களின் கர்ப்பகாலச் சோகை மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாற்றில் தீர்வதைக் கண்டார். அதிலிருந்த சத்து ஃபோலேட். 1945இல் நியூயோர்க்கின் லெடர்லே ஆய்வுகூடத்தில் எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கியது. சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர். கதர் அணிந்து பேராசிரியரின் கோபத்தைச் சம்பாதித்ததால் எம்.பி.பி.எஸ். கைநழுவி, எல்.எம்.எஸ். மட்டுமே கிடைத்தது என்பார்கள்.

பொஸ்டனில் சிட்னி ஃபார்பர் குருதிப் புற்றுநோய்ப் பிள்ளைகளுக்கு ஃபோலேட் வகைகளைக் கொடுத்தபோது நோய் இன்னும் முடுகுவதாகத் தோன்றியது. அப்படியானால் ஃபோலேட்டுக்கு எதிரியைக் கொடுத்தால்? சுப்பாராவ் குழுவின் அமினோப்டெரின் வந்தது. 1948 ஜூனில் வெளியான அறிக்கையில் 16 பிள்ளைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்திருந்தது. இரண்டு மாதத்தில், 53 வயதில், சுப்பாராவ் காலமானார். நோபல் குழு அவரைக் கண்டுகொள்ளவேயில்லை.

அமினோப்டெரினின் தம்பியான மெதொட்ரெக்சேட் இன்றும் வழக்கில் உண்டு. இம்மருந்துகளின் இலக்கு இந்த நொதியமே என்பது 1958இல் தெளிவாயிற்று. 1978இல் ரொபர்ட் ஷிம்கேயின் குழு, மருந்துக்கு மசியாத கலங்கள் இந்நொதியத்தின் மரபணுவைப் பல படிகளாகப் பெருக்கி வைத்திருப்பதைக் காட்டியது. கலவட்டமும் சும்மா இருப்பதில்லை: எஸ் கட்டத்துக்கு முந்திய ஜி1 கட்டம் முடியும் வேளையில் ஈ2எஃப் புரதம் அந்த மரபணுவை முடுக்கிவிடுகிறது. நொதியம் வட்டத்தை நகர்த்த, வட்டம் நொதியத்தை வரவழைக்கிறது.

மலேரியா ஒட்டுண்ணிக்கும் இதே நொதியம் உண்டு. அதை முடக்கும் பைரிமெதமீன், சல்ஃபடொக்சினுடன் சேர்த்து, குளோரோகுயினுக்கு அடங்காத மலேரியாவுக்கு இலங்கையில் வழங்கப்பட்டது. நொதியத்தின் 108ஆம் இடத்து அமினோ அமிலம் மாறினாலே மருந்தின் பிடி தளரும். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள், மன்னார்த் தீவின் கிணறுகளில் அனோபிலிஸ் ஸ்டெபன்சை நுளம்பின் குடம்பிகள் அகப்பட்டன. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் இனம் அது.