ஷெல்லும் அதன் தொடக்கக் கோப்புகளும்

கணினிக்கும் அதனைக் கையாள்வோர்க்கும் இடையே நின்று, எழுதப்படும் கட்டளைகளைப் படித்து நிறைவேற்றும் நிரல் 'ஷெல்' எனப்படும். ஓடு என்பது அதன் பொருள். இப்பெயரை இட்டவர் பிரான்சு நாட்டவரான லூயி பூசான் என்பர். 1963ஆம் ஆண்டளவில் மசாச்சுசெற்சுத் தொழினுட்ப நிறுவனத்திலே அவர் ஆக்கிய 'றன்கொம்' என்னுங் கருவி, கோப்பொன்றில் எழுதிவைத்த கட்டளைகளை வரிசையாக இயக்கிற்று. இன்று தொடக்கக் கோப்புகள் பலவற்றின் பெயரீற்றிலே நிற்கும் 'ஆர்சி' அச்சொல்லின் எச்சமேயாம்.

பெல் ஆய்வுகூடத்தில் ஸ்ரீபன் போர்ண் இயற்றிய ஷெல், 1979இல் யூனிக்சின் ஏழாம் பதிப்போடு வெளிவந்தது. பயனர் உள்நுழையும்போது மாத்திரம் அது '.புரொபைல்' என்னுங் கோப்பைப் படித்தது. தான் உள்நுழைவுக்கென எழுப்பப்பட்டதை அது அறிந்தது எங்ஙனம்? உள்நுழைவு நிரல் ஷெல்லை அழைக்கையில் அதன் பெயர்க்கு முன் ஒரு சிறுகோட்டை இடும், அக்கோடே அடையாளம். எளிய உபாயமெனினும் இன்றளவும் அது வழக்கிலுள்ளது.

ஒருமுறை படித்தல் போதுமென்றதற்குக் காரணமுண்டு. சூழல் மாறிகள் தாய்நிரலிலிருந்து சேய்நிரலுக்குத் தாமே செல்வன. ஆனால், பேர்க்கிளியிலே பில் ஜோய் படைத்த சீ ஷெல் கட்டளைகளுக்கு மாற்றுப்பெயர் வைக்க இடந்தந்தது. மாற்றுப்பெயர்களோ அவ்வாறு செல்லா. ஆதலின் அந்த ஷெல், எழும் ஒவ்வொரு தடவையும் '.சிஎஸ்எச்ஆர்சி'யையும், உள்நுழைவாயின் அதன்பின் '.லொகின்' என்பதையும் படித்தது. இருவகைக் கோப்புகள் தோன்றிய வரலாறு இதுவே.

பெயர்களின் முன்நிற்கும் புள்ளி தனிக்கதை. அடைவுகளின் பட்டியலில் '.', '..' என்பவற்றை மறைக்க எழுதிய குறுக்குவழியொன்று, புள்ளியில் தொடங்கும் பெயர் அனைத்தையும் மறைத்துவிட்டதென றொப் பைக் கூறுகிறார்.

1989இல் பிறையன் பொக்ஸ் வெளியிட்ட 'பாஷ்' சிக்கலை மிகுவித்தது. உள்நுழைவின்போது அது '.பாஷ்_புரொபைல்', '.பாஷ்_லொகின்', '.புரொபைல்' என்னும் மூன்றையும் இவ்வொழுங்கில் தேடி, முதலிற் கண்டதை மட்டுமே படிக்கும். முதற்கோப்பு புதிதாக உண்டாக்கப்படின், மூன்றாவதில் எழுதியவை யாதோர் எச்சரிக்கையுமின்றிச் செயலிழக்கும். உள்நுழைவல்லாத உரையாடலில் அது படிப்பது '.பாஷ்ஆர்சி', உள்நுழைவிலோ அதனைத் தானாகப் படியாது. சீ ஷெல்லின் ஒழுங்கே இதனினுஞ் சீரியது எனல் தகும். இக்குறையை நீக்கவே பயனர் பலர் முதற்கோப்பினுள் '.பாஷ்ஆர்சி'யை அழைக்கும் வரியொன்றைச் சேர்ப்பர்.

அப்பிள் நிறுவனத்தின் முனையச் செயலி ஒவ்வொரு சாளரத்தையும் உள்நுழைவாகவே திறப்பது; லினக்சின் முனையச் செயலிகள் பெரும்பாலும் அவ்வாறு செய்யா. 2019இல் அந்நிறுவனம் புதிய பயனர்க்குரிய இயல்பு ஷெல்லாக, போல் பால்ஸ்ரட் 1990இல் ஆக்கிய 'ஷெட்எஸ்எச்' என்பதை ஏற்றது. பாஷிலிருந்து மாறியோர் தம் பழைய அமைப்புகளை '.ஷெட்புரொபைல்', '.ஷெட்எஸ்எச்ஆர்சி' என்னுங் கோப்புகளுக்குப் பெயர்த்தெழுத வேண்டியவராயினர்.